இலத்தீன் க → ச: ‘அண்ணமாக்கம்’ போதுமா?

வணக்கம். இலத்தீனின் ககரம் அதன்வழி வந்த மொழிகளில் இ, எ-வின் முன்னால் ச போன்ற ஒலியாக மாறியதே, அந்த மாற்றத்துக்கு (palatalization) சொற்பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்பது பற்றி. உங்கள் குறிப்புகளுக்குக் கீழேயே பதில் எழுதியிருக்கிறேன்.

> ‘அண்ணமாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வோமே.

எனக்கு ஒரு தடை. தொல்காப்பியப்படி நாவின் அடி அண்ணத்தை (வாயின் மேற்கூரையை) தொட்டால் க, நடுப்பகுதி தொட்டால் ச, நுனி தொட்டால் ட: க முதல்நா அண்ணம், ச இடைநா அண்ணம், ட நுனிநா அண்ணம். மூன்றுமே அண்ணத்தில் பிறப்பவை. ஏற்கெனவே அங்கிருக்கும் ககரத்தை எப்படி ‘அண்ணமாக்குவது’? ‘இடையண்ணமாதல்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். ‘ஆக்கம்’ வேண்டாம். யாரும் உட்கார்ந்து ஆக்கவில்லை, பின்னால் வரும் இ, எ-க்காக நாக்கு முன்கூட்டியே முன்னால் எழும்பித் தானாக ஆனது.

வானத்துக்கான சொல்லையே பாருங்கள். இலத்தீனில் ‘கைலும்’, பிறகு ஐ தேய்ந்து எ ஆயிற்று. சார்டீனியத் தீவின் நடுப்பகுதியில் இன்றும் ககரம் அசையாமல் ‘கேலு’. இத்தாலியத்தில் ‘ச்சேலோ’, ருமேனியத்தில் ‘ச்செர்’, பிரெஞ்சில் ‘ஸியெல்’. ஸ்பானியம் மெக்சிகோவில் ‘ஸியேலோ’. மாட்ரிட்டில் அதே ஸ-வை நாநுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். (கட்டுரையில் ‘ச்ச’வுக்குப் பதில் வெறும் ச போடாதீர்கள், நம்மவர் எல்லாவற்றையும் ஸ என்றே வாசிப்பார்கள்.)

> பிரெஞ்சின் ஸ பல்லொலியாயிற்றே. உங்கள் பெயர் அதற்குப் பொருந்துமா?

ஸ வந்து நின்ற இடம். பெயர் வந்த வழிக்கு. பழைய பிரெஞ்சில் இது ‘த்ஸ’. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தகரம் உதிர்ந்தது. ககரம் அந்த ‘த்ஸ’வுக்குப் போனதே இடையண்ணம் வழியாகத்தான்.

பிரெஞ்சு இன்னொரு சுற்றும் போனது: அகரத்தின் முன்னாலும் க மாறியது. பாடுவது இத்தாலியத்தில் ‘கந்தாரே’, ஸ்பானியத்தில் ‘கந்தார்’, பாரிசில் ‘ஷாந்தே’. பிரான்சுக்குள்ளேயே வடக்கே பிக்கார்டியில் இந்த இரண்டாம் சுற்று எட்டவில்லை. இரண்டு சுற்றுக்கும் ஒரே பெயர் போதும், ‘முன்னுயிர் இடையண்ணமாதல்’ (இ, எ-வின் முன்), ‘அகர இடையண்ணமாதல்’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

> தமிழில் இதற்கு எடுத்துக்காட்டு?

கன்னடத்தின் கிவி நமக்குச் செவி, கேரி சேரி. ஆனால் அடுத்து வளைநா ஒலி (ட, ள போல நாவை மேலே வளைத்துச் சொல்வது) வந்தால் நம் ககரம் நகராது: கிளி, கேள், கெடு. இலத்தீன்வழி மொழிகளில் இந்தத் தடுப்பு கிடையாது. பாடநூலில் இரண்டையும் பக்கத்தில் வைத்தே விளக்கலாம்.

இன்னொரு வசதி, ‘இடையண்ணமான ககரம்’ என்று பெயரெச்சமாக எளிதில் வளையும். மற்றது ‘அண்ணமாக்கப்பட்ட’ என்று நீண்டுவிடும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.