ஃப்ராட் ஹவுஸுக்குக் கொடுத்தால் வரி கழியுமா?

கணக்கப்பிள்ளை:
நேற்று டல்லாஸ்காரர் ஒரு அருள்வாக்கு சொல்லியிருந்தார். மகன் தங்கியிருக்கும் ஃப்ராட் ஹவுஸை, அதாவது அமெரிக்கக் கல்லூரி மாணவர் கிளப்பின் வீட்டை, புதுப்பிக்கப் பெற்றோரிடமும் 500 டாலர் கேட்கிறார்களாம். "தாராளமாகக் கொடுங்கள், அத்தனையும் வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று நமக்கும் அறிவுரை. கழியாது சார். இப்படிப்பட்ட வீடு பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லை. பழைய உறுப்பினர்கள் நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கணக்கில் அது பொதுவாக 501(சி)(7), அதாவது கிளப். கோயில் உண்டியலில் போடுவதும் கிளப்புக்குக் கொடுப்பதும் ஒன்றா?

டல்லாஸ்காரன்:
கடிதம் என் கையில் இருக்கிறது ஐயா. தடித்த தாள், மேலே மூன்று கிரேக்க எழுத்து, கீழே "டாக்ஸ் டிடக்டிபிள்" என்று அச்சடித்திருக்கிறது. வீட்டையும் நேரில் பார்த்தேன். மாடிக் குளியலறைத் தண்ணீர் ஒழுகி, சாப்பாட்டு அறைக் கூரையில் மஞ்சள் கறை. அடியில் ஒரு பக்கெட். அதில் யாரோ மீன் பொம்மை மிதக்கவிட்டிருக்கிறான். பேஸ்மென்ட்டில் இன்னும் பீங்கான் குமிழில் ஓடும் அந்தக் காலத்து ஒயர். அங்கேதான் என் பிள்ளை தூங்குகிறான். உங்களுக்கு வரிதான் கவலை.

கணக்கப்பிள்ளை:
வரியைப் பேசியது நானா, நீங்களா? செக் யார் பெயருக்கு?

டல்லாஸ்காரன்:
ஃபவுண்டேஷன் பெயருக்கு.

கணக்கப்பிள்ளை:
அப்படிச் சொல்லுங்கள். அது 501(சி)(3) அறக்கட்டளையாக இருந்தால் கழியும்தான். ஆனால் அந்தப் பணம் படிப்பறை, நூலகம் மாதிரி கல்விக்கான இடத்துக்குத்தான் போகலாம். உங்கள் மஞ்சள் கறைக்குப் போகாது. குளியலறைக்கு ஹவுஸ் கார்ப்பரேஷன் தனியாகக் கேட்கும், அதற்கு விலக்கு இல்லை. ஆக, நான் சொன்னதுதான் சரி.

டல்லாஸ்காரன்:
"கழியும்தான்." உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

மதுரை மீனாட்சி:
என் பையன் ஃப்ராட்டில் சேரப்போகிறேன் என்றதற்கே இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை ராத்திரி பீர் ஊற்றி ஊற்றித் தரைப்பலகை உப்பிப்போனால் அதற்கும் அப்பா அம்மா காசு கொடுக்க வேண்டுமா? குடித்தவர்களே கொடுக்கட்டும்.

நெல்லைச்சீமை:
அண்ணன்மாரே, வரியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 1996 மே மாதம், அன்னையர் தினத்தன்று, வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ஃப்ராட் வீடு எரிந்து 5 மாணவர்கள் செத்தார்கள். அப்புறம்தான் அந்த ஊரில் ஃப்ராட் வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் குழாய், கட்டாயமானது. முதலில் உங்கள் பிள்ளை தங்கும் வீட்டில் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மதுரை மீனாட்சி:
அதுவேறயா? ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டும்.

நெல்லைச்சீமை:
அது சினிமாவில்தான் அக்கா. தண்ணீர் வரும் ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் தலையிலும் சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்பு நிறக் குமிழ் என்றால் 155 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வெடிக்கும். எந்தத் தலை சூடானதோ அது மட்டும்தான் திறக்கும். புகைக்குத் திறக்காது.

டல்லாஸ்காரன்:
கணக்கப்பிள்ளை சார், இப்போது சொல்லுங்கள். படிப்பறைக்கு மேலிருக்கும் தலைக்கு விலக்கு உண்டு, குளியலறைத் தலைக்கு இல்லையா? தீ வந்தால் அறையைக் கேட்டுத்தான் வருமா?

கணக்கப்பிள்ளை:
சிரிக்காதீர்கள், கணக்கே அப்படித்தான். வீட்டில் கல்விக்கான பரப்பு எத்தனை சதவீதம் என்று அளந்து, பொதுவான வேலைகளுக்கு அந்த விகிதத்தில் மட்டும் அறக்கட்டளை பணம் தரும். மீதிக்கு விலக்கு கிடையாது. அறக்கட்டளைப் பணத்தில் கிளப் வீட்டையும் கட்டிக்கொள்ளட்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸில் பல தடவை மசோதா கொண்டுவந்து பார்த்தார்கள். ஏன் கொண்டுவந்தார்கள்? கழியாது என்பதால்தானே? இன்னொன்று. 2024 கணக்கில் தம்பதிக்குக் கணக்குக் காட்டாமலே கிடைத்த கழிவு, அதாவது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 29,200 டாலர். நீங்கள் அதை விட்டுவிட்டு, செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு ஐட்டமைஸ் செய்தீர்களா? செய்யவில்லை என்றால் அந்த 2024 கணக்கில் இந்த 500 டாலரை எதில் கழித்திருப்பீர்கள், பால் கணக்கிலா?

டல்லாஸ்காரன்:
என் வரிக் கணக்கை நோண்டும் வேலை உங்களுக்கு எதற்கு? நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் 40 ட்ரே வடைக்குப் பணம் வாங்கியவர் இன்றுவரை கணக்குக் காட்டவில்லை. பெயர் மட்டும் கணக்கப்பிள்ளை.

மதுரை மீனாட்சி:
அந்த வடையும் ஊசிப்போயிருந்தது.

கணக்கப்பிள்ளை:
வடையை ஏன் இழுக்கிறீர்கள்? ஊசிப்போனது சட்னி. வடை அல்ல.

நெல்லைச்சீமை:
ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

டல்லாஸ்காரன்:
செக் அனுப்பிவிட்டேன். ஏப்ரலில் கழித்தும் காட்டுகிறேன்.

கணக்கப்பிள்ளை:
38 ட்ரே. 40 அல்ல. பில் என்னிடம் இருக்கிறது. குளியலறைக்குக் கழியாது.