மண்ணீரல் வீங்கிய பிள்ளையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும்

கல்லிடைக்குறிச்சி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகனுக்கு இப்போது 14 வயது. சின்னதிலிருந்தே வயிறு கொஞ்சம் முன்தள்ளி இருக்கும், அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும், கால் எலும்பு வலிக்கிறது என்று ராத்திரி அழுவான். ஆச்சி பூச்சி மருந்து கொடுத்தார்கள், டாக்டர் ஒருவர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார், எங்களுக்கும் அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

ஏழாம் வகுப்பில் பையன்கள் மட்டும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். விளையாட்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து இவன் வயிற்றை மட்டும் வெட்டி ஸ்டிக்கராக்கி, "எத்தனாவது மாசம்லே?" என்று போட்டிருக்கிறார்கள். காலை வணக்கத்துக்குக்கூட அந்த ஸ்டிக்கர்தானாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தாமிரபரணி படித்துறையில் கிடக்கிற பிள்ளை, சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று குளிக்கப் போவதையே விட்டுவிட்டான். வளர்கிறான், கூச்சப்படுகிறான் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒருநாள் அக்கா அவன் படுக்கையை உதறும்போது பழைய வேட்டியிலிருந்து கிழித்த நீளத் துணி ஒன்று கிடைத்தது. அதை வயிற்றில் இறுக்கிச் சுற்றி, மேலே சட்டை போட்டுத்தான் எட்டு மாதமாகப் பள்ளிக்குப் போயிருக்கிறான். இடது பக்கம் வலித்ததையும் சொல்லவில்லை. சொன்னால் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டி வருமே.

பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை டாக்டர் கையை வைத்துப் பார்த்ததுமே முகம் மாறினார். இடது விலா எலும்புக்குள் கைப்பிடி அளவில் ஒளிந்திருக்க வேண்டிய மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் அறுபதாயிரம். "இந்த வயிற்றில் ஒரு அடி பட்டால் மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டும், கபடி பக்கமே விடாதீர்கள், இப்படி இறுக்கிக் கட்டவும் கூடாது" என்றார். அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சென்னையில் நொதி (என்சைம்) பரிசோதனை செய்து கோஷே நோய் (Gaucher) என்று சொன்னார்கள். ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் நொதி உடம்பில் குறைவு, அதனால் அந்தக் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்குகிறது. 1882-ல் இதை முதலில் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கோஷே, மண்ணீரலில் வந்த கட்டி என்றே நினைத்தாராம். அப்பா அம்மா இருவரிடமும் அந்த மரபணுப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா கட்டியது மாமா மகனை. அதற்காக வீட்டில் யாரும் யாரையும் குத்திக்காட்டவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நொதியை நரம்பில் ஏற்றுகிறார்கள். முதல் வருடத்திலேயே மண்ணீரல் 30 முதல் 50 சதவீதம் சுருங்கக்கூடும். விலை நம்மால் முடியாதது. அரிய நோய்களுக்கான மத்திய அரசின் 2021 கொள்கையில், குறிப்பிட்ட மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.

சென்னை ஆஸ்பத்திரியில் இருந்த மனநல ஆலோசகர் இன்னொன்றும் சொன்னார். 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் அதிகம் இருந்தது, அதுவும் போன், இணையம் வழியாக நடக்கும் கேலியில் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. பள்ளியில் முதலில் "பையன்கள் விளையாட்டு" என்றவர்களிடம் இதைத்தான் சொன்னேன். விளையாட்டா இது? நோய் எட்டு மாதம் மறைந்து கிடந்ததே அந்த ஸ்டிக்கரால்தான்.

—

தென்காசியிலிருந்து: அக்கா, எனக்குப் பிறவியிலேயே சிவப்பணுக்கள் உருண்டையாக இருக்கும் நோய். மண்ணீரல் அவற்றைப் பிடித்துப் பிடித்து அழித்துவிடும், அதனால் கண் எப்போதும் மஞ்சள். கல்லூரிக் குழுவில் "தொத்துற காமாலை, பக்கத்துல உக்காராதீங்க" என்று ஒருவன் போட்டான், மெஸ்ஸில் ஒரு வருடம் தனியாகத்தான் சாப்பிட்டேன். அது தொற்றவே தொற்றாது. அப்புறம் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட்டார்கள். இன்றைக்கும் காய்ச்சல் அடித்தால் கசாயம் குடித்துப் பார்க்கிற வேலையெல்லாம் இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான். மண்ணீரல் எடுத்த யாரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

—

வீரவநல்லூரிலிருந்து: என் மகளுக்கும் மண்ணீரல் வீக்கம், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அவள் படத்தையும் இப்படித்தான் சுற்றவிடுகிறார்கள். கோபத்தில் போனை வாங்கி எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். அந்த ஸ்டிக்கர் போட்ட பையன் வீட்டில் பேசினீர்களா, எப்படிப் பேசினீர்கள்?

—

கல்லிடைக்குறிச்சி பக்கத்திலிருந்து: அழித்துவிடாதீர்கள் மதினி. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். போனையும் பிடுங்க வேண்டாம், நம்மிடம் சொன்னதற்குத் தண்டனை என்று பிள்ளை நினைத்துவிடும். பள்ளி அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், ராத்திரியில் மகள் சரியாக இல்லை என்று தோன்றினால் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஸ்டிக்கர் செய்த பையன் வீட்டுக்கு நான் ஸ்கேன் ரிப்போர்ட்டோடுதான் போனேன். சண்டை போடவில்லை, அவன் அம்மாவிடம் அதைக் காட்டி மண்ணீரல் எங்கே இருக்க வேண்டும், இவனுக்கு எதுவரை வந்திருக்கிறது என்று விரலால் காட்டினேன். மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.