‘தலைமைத் தளபதி’ பொருந்துமா? ‘படைத்திட்டகத் தலைவர்’ என்னும் சொல்லை முன்வைத்து

அன்புடையீர், வணக்கம்.

ஒரு நாட்டின் படை அதிகாரிகளுள் முதல்வராக இருப்பவரை ஆங்கிலத்தில் ‘Chief of the General Staff’ என்பார்கள். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில், ‘தலைமைத் தளபதி’ என்ற சொல்லே போதும் என்று ஐயா எழுதியிருந்தார்கள். அது வழக்கில் ஊன்றிய சொல், காதுக்கும் இனியது. ஆனால் தளபதி என்றால் ஆணையிட்டுப் படை நடத்துபவர். நாம் பெயர் தேடும் பதவிக்கு அந்த அதிகாரம் சில ஆட்சிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆட்சி மாறும்போது வந்துபோகும் ஒன்றைப் பதவியின் பெயருக்குள்ளேயே பூட்டிவிடுவது பிழை என்று கருதுகிறேன்.

துருக்கியை எடுத்துக்கொள்வோம். 1920-இல் அங்கே இப்பதவியினர் அமைச்சரவையின் உறுப்பினர். கலீபா பதவி ஒழிக்கப்பட்ட அதே நாளில், 1924 மார்ச் 3 அன்று, பதவி அமைச்சரவையிலிருந்து பிரிக்கப்பட்டது. ஃபெவ்சி சாக்மாக் 1944 வரை அதில் இருந்தார். அவர் ஓய்வுபெற்ற ஆண்டில் பதவி தலைமை அமைச்சரின் கீழும், 1949-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழும், 1961 அரசியலமைப்பால் மறுபடி தலைமை அமைச்சரின் கீழும், 2018-இல் திரும்பவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழும் வந்தது. இருந்தவர்களின் கதை இன்னும் விந்தையானது. 1960 புரட்சியை நடத்தியவர்கள் ருஷ்து எர்தெல்ஹுனைச் சிறைப்பிடித்தார்கள். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. 1980-இல் கெனான் எவ்ரென் தாமே ஆட்சியைக் கைப்பற்றிப் பின்பு குடியரசுத் தலைவரானார். 2016 ஜூலை 15 இரவு, ஹுலுசி அகாரைக் கிளர்ச்சியாளர்கள் பணயமாகப் பிடித்து ஒரு விமானத் தளத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் பாதுகாப்பு அமைச்சர். கைதி, ஆட்சியாளர், பணயம், அமைச்சர் என்று நாற்காலியில் இருந்தவரின் நிலை தலைகீழாக மாறியபோதும், அந்த ஆண்டுகளில் நாற்காலியின் பெயர் மட்டும் மாறவில்லை.

ஜெர்மனியில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதல் உலகப்போருக்குப் பின் வந்த வெர்சாய் உடன்படிக்கை அந்நாட்டின் படைத்திட்ட அமைப்பைத் தடைசெய்தது. அதே வேலை ‘படைப்பிரிவு அலுவலகம்’ என்று பொருள்படும் வேறொரு பெயரில் தொடர்ந்தது. 1935-இல் பழைய பெயர் வெளிப்படையாகத் திரும்பியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி அப்பெயரை வேண்டுமென்றே தவிர்த்துத் ‘தலைமை ஆய்வாளர்’ என்ற பதவியை அமைத்து, 1957-இல் அடோல்ஃப் ஹாயிசிங்கரை அமர்த்தியது. அவர் அரசின் ஆலோசகரே. படைகளுக்கு ஆணையிடும் அதிகாரம் அந்தப் பதவிக்கு 2012-இல்தான் வந்தது. இந்தப் பெயரை நாமும் அப்படியே பெயர்க்க வேண்டும். பொதுச்சொல்லுக்குள் கரைத்துவிட்டால் அவர்கள் செய்த விலக்கல் வாசகருக்குத் தெரியாமல் போகும்.

துருக்கியின் 1982 அரசியலமைப்பு இப்பதவியினரைப் படைகளின் தளபதி என்றே கூறுகிறது என்று ஐயா மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே தளபதி என்பது பதவிக்கு ஏற்றப்பட்ட அதிகாரம். பெயர் அதைச் சொல்லவில்லை. நம் செய்தித்தாள்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 2019 டிசம்பரில் இந்தியாவில் உருவாக்கப்பட்ட பதவியை ‘முப்படைத் தலைமைத் தளபதி’ என்று எழுதுகிறோம். அப்பதவியினர் முப்படைத் தளபதிகள் மீதுகூட ஆணை செலுத்தமாட்டார் என்று அரசு அப்போதே தெளிவாக அறிவித்திருந்தது. பெயரைப் படிக்கும் மாணவர் அதற்கு நேர் எதிரானதையே புரிந்துகொள்வார்.

அப்படியானால் எந்தச் சொல்? ‘General Staff’ என்னும் மூலத்தில் உள்ள கருத்து, போருக்கு முன் எண்ணித் திட்டமிடும் அதிகாரிகளின் குழு. உதுமானியர் அதைப் ‘போரின் தூண்கள்’ என்ற பொருளில் அழைத்தார்கள். மொழிச் சீர்திருத்தக் காலத்தில் அதற்குப் புதுத் துருக்கியச் சொல் ஆக்கப்பட்டது. இலங்கை அரசு வழக்கான ‘பதவிநிலைப் பிரதானி’ இந்தப் பதவியைத் தளபதியிலிருந்து பிரித்துக் காட்டுவது பாராட்டத்தக்கது. ஆனால் ‘பதவிநிலை’ என்பது எந்த வேலையைக் குறிக்கிறது என்று சொல் தானே விளக்கவில்லை. ‘பொது ஊழியர்களின் தலைவர்’ என்ற பெயர்ப்பைத் தயவுசெய்து விலக்குங்கள். அது தொழிற்சங்கத் தலைவரைத்தான் நினைவூட்டும். ‘படைச்சூழ்வகம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சூழ்தல் ஆராய்ந்து எண்ணுதல் அல்லவா? ஆனால் இன்று சூழ்ச்சி என்றால் சதி. ஆட்சிக் கவிழ்ப்போடு அடிக்கடி பேசப்படும் பதவிக்கு அந்த நிழல் விழக்கூடாது.

ஆகவே ‘படைத்திட்டகம்’, அதன் தலைவர் ‘படைத்திட்டகத் தலைவர்’ என்று முன்மொழிகிறேன். ஒற்று, வழங்கல், அணிதிரட்டல் ஆகியவையும் அதன் பணிகள் என்றாலும், அவை அனைத்தும் திட்டத்தில்தான் வந்து கூடுகின்றன. ‘தலைமைத் தளபதி’ என்பதை உண்மையாகவே ஆணை செலுத்துபவருக்கு ஒதுக்கலாம். இலங்கைப் பதவியை எழுதும்போது அந்நாட்டு வழக்கையே பின்பற்றலாம்.

அமெரிக்கப் பதவிக்கு மட்டும் இது பொருந்தாது. 1949-இல் உருவான அது (Chairman of the Joint Chiefs of Staff), படைத்தலைவர்கள் அடங்கிய குழுவின் தலைவர் பதவி. 1986 சட்டம் அவரைக் குடியரசுத் தலைவரின் முதன்மைப் படை ஆலோசகர் ஆக்கியதே தவிர, ஆணைத்தொடரில் இடம் தரவில்லை. அதற்குக் ‘கூட்டுப் படைத்தலைவர் குழுத் தலைவர்’ என்று எழுதிப் பார்த்தேன். தலைவர் இருமுறை வருவது உறுத்துகிறது. இதைவிடச் சுருக்கமானது கிடைத்தால் எழுதுங்கள்.