வைஃபை ஆஃப்லோடில் ஐஎம்எஸ்ஐ வெளியே தெரிகிறது: என்ன செய்யலாம்?

அலைவரிசை:
செல்லுலார் சந்தாதாரர்களை சிம் வழியே வைஃபைக்கு மாற்றும் அமைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ், சிம்மை வைத்துச் சரிபார்க்கும் முறை இஏபி-ஏகேஏ. காற்றில் பிடித்த பாக்கெட்டில், போன் தன்னை அடையாளம் சொல்லும் ஐடென்டிட்டி பதிலில் முதலில் '0', அடுத்து 15 இலக்க ஐஎம்எஸ்ஐ (சிம்மில் உள்ள நிரந்தர சந்தாதாரர் எண்) அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில் தற்காலிகப் பெயர் தரும் புனைபெயர் வசதியை இயக்கிய பின்னும் சில போன்கள் மறுபடி மறுபடி அதையே அனுப்புகின்றன. ஏன்? வைஃபை காலிங்கிலும் இதே ஆபத்து உண்டா?

திறவுகோல்:
வைஃபையின் மறைகுறியாக்கச் சாவியை அமைக்கும் நான்கு கட்ட ஹேண்ட்ஷேக்குக்கு முன் போகும் இஏபி செய்திகளுக்கு மறைகுறியாக்கம் கிடையாது. ஆகவே ஒரு போன் முதன்முறை இணையும்போது ஐஎம்எஸ்ஐ தெரியத்தான் செய்யும். அதற்குப் பிறகும் தெரிந்தால், சந்தாதாரரைச் சரிபார்க்கும் ஏஏஏ சர்வரைப் பாருங்கள்.

இரண்டு சர்வர்களுக்கு லோடு பிரித்துவிட்டு, புனைபெயர்ப் பட்டியலைத் தனித்தனி நினைவகத்தில் வைத்திருந்தால், ஒன்று கொடுத்த பெயரை மற்றது அறியாது. உடனே நிரந்தர அடையாளத்தைக் கேட்கும், போனும் கொடுத்துவிடும். ரீஸ்டார்ட்டில் பட்டியல் அழிந்தாலும் இதே கதிதான். பட்டியலைப் பொதுவான, அழியாத சேமிப்பில் வையுங்கள். கடைசியாகக் கொடுத்த பெயரோடு, கடைசியாகப் பயன்பட்ட பெயரையும் வைத்திருக்க வேண்டும். செய்தி வழியில் தொலைந்தால் போன் பழைய பெயரோடுதான் திரும்பி வரும். இஏபி-ஏகேஏவை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 4187 இதையே பரிந்துரைக்கிறது.

போலி ஏபி (வைஃபை அணுகு முனையம்) ஒன்று நிரந்தர அடையாளத்தைக் கேட்டாலும் இதே கசிவுதான். கையில் புனைபெயர் இருக்கும்போது அந்தக் கோரிக்கையை மறுக்கும் போன்கள்தான் தப்பும். சர்வர் பக்கம் இதற்கு மருந்தில்லை.

பொதியன்:
யுசிம் (3ஜி முதல் வந்த சிம்) உள்ளவர்களுக்குப் பழைய முறையான இஏபி-சிம்மை அடைத்துவிடுங்கள். அதன் அடித்தளம் 2ஜி காலத்து ஜிஎஸ்எம் டிரிப்ளெட் என்ற மூன்று மதிப்புகளின் தொகுப்பு. அதிலுள்ள சாவியான கேசி ஒவ்வொன்றும் 64 பிட்தான். முடிந்தால் இஏபி-ஏகேஏவின் திருத்திய வடிவமான ஏகேஏ பிரைமுக்கே போய்விடுங்கள். அதில் சாவி அணுகு வலையமைப்பின் பெயரோடு பிணைந்திருக்கும். ஓரிடத்துக்கு வாங்கிய சாவி வேறிடத்தில் செல்லாது. ஆனால் ஐஎம்எஸ்ஐ கசிவை இது மட்டும் தீர்க்காது.

ஏபிக்கும் ஏஏஏவுக்கும் நடுவே ரேடியஸ் (சரிபார்ப்புச் செய்திகளைக் கொண்டுசெல்லும் நெறிமுறை) பாதுகாப்பில்லாத வெறும் யுடிபியில் போகிறதா? செஷன் சாவியே அந்த வழியாகத்தான் வருகிறது, காப்பதோ எம்டி5 என்ற பழைய ஹாஷும் பகிர்ந்த ரகசியமும் மட்டும். ரேடியஸை டிஎல்எஸ் மறைகுறியாக்கத்துக்குள் அனுப்பும் ராட்செக்குக்கு மாற்றுங்கள், போர்ட் டிசிபி 2083.

திறவுகோல்:
வைஃபை காலிங் பற்றி: போன் இபிடிஜி (செல்லுலார் நிறுவனத்தின் நுழைவாயில் சர்வர்) வரை ஐபிசெக் எனும் மறைகுறியாக்கச் சுரங்கம் போடுகிறது, போர்ட் யுடிபி 500, 4500. முதல் பரிமாற்றத்தில் உருவாகும் டிஃபி-ஹெல்மன் சாவிக்குள் அடையாளம் போவதால் சும்மா ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுரங்கத்தை அமைக்கும் ஐகேஇவி2 நெறிமுறையில் போன் தன் அடையாளத்தை அனுப்பிய பிறகுதான் சர்வரின் சான்றிதழ் வருகிறது. நடுவில் உட்கார்ந்து இபிடிஜியாக நடிப்பவர், அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே ஐஎம்எஸ்ஐயைப் படித்துவிடுவார். அழைப்பைக் கேட்க முடியாது. ஆளைத் தொடர முடியும். இங்கேயும் புனைபெயரை அடையாளமாக அனுப்புவதே வழி. கூடவே டிஃபி-ஹெல்மனின் 1024 பிட் குரூப் 2-ஐ இபிடிஜியில் நீக்கிவிடுங்கள். குரூப் 14-க்குக் கீழே எதையும் ஏற்கவேண்டாம்.