பதினோரு நிமிடத்தில் படித்து முடித்த கதை

திருப்பாதிரிப்புலியூரான்: "ஒரே மாலையில் நான்கு குறும் விஷுவல் நாவல்களை (படங்களோடு படித்துச் செல்லும் கதை விளையாட்டுகளை) நூறு விழுக்காடு முடித்தேன், கடலூர்க்காரர்களுக்கு ஒன்றுக்கே ஒரு மாதம் ஆகிறது" என்று புதுவை முத்தியால்பேட்டையார் நேற்று எங்களைச் சீண்டி எழுதியிருந்தார். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். முதல் கதையில் தொடக்கக் காட்சிக்குரிய அச்சீவ்மென்ட் (ஒரு கட்டத்தை எட்டியதற்கு விளையாட்டு தரும் சின்னம்) மாலை 6:30-க்கும், முதல் முடிவுக்குரியது 6:41-க்கும் பதிவாகியிருக்கின்றன. ஒன்றரை மணி நேரக் கதையைப் பதினோரு நிமிடத்தில் எவராலும் படிக்க முடியாது. வரிகளைத் தாண்டி ஓடவிடும் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு முடித்தல் என்று பெயரில்லை.

முத்தியால்பேட்டை: கதை பிரியும் கடைசித் தேர்வுக்கு முன் சேவ் செய்து வைத்தால் எல்லா முடிவுகளையும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். இந்த வகை விளையாட்டை ஒருமுறை தொட்டவருக்கும் இது தெரியும்.

திருப்பாதிரிப்புலியூரான்: எல்லா முடிவுகளையும் பற்றி நான் கேட்கவில்லை, முதல் முடிவைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கதை, விஷுவல் நாவல்களை உருவாக்கும் மென்பொருளான ரென்பையில் செய்யப்பட்டது. அதில் ஏற்கெனவே படித்த வரிகளை மட்டும் தாண்டுவதே இயல்பான அமைப்பு. படிக்காத வரிகளையும் தாண்ட வேண்டுமானால் அமைப்புப் பக்கத்துக்குப் போய் நாமே மாற்ற வேண்டும். ஆகவே இது கைதவறி நடந்ததன்று.

மஞ்சக்குப்பம்: 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவி அச்சீவ்மென்டுகளுக்குப் புள்ளி கொடுக்கத் தொடங்கியபோதே இந்த நோய் வந்துவிட்டது. 2007-இல் ஸ்டீமும், 2008-இல் பிளேஸ்டேஷனும் அதைப் பின்பற்றின. பிளேஸ்டேஷனில் மற்ற கோப்பைகளை எல்லாம் பெற்றால் கிடைக்கும் பிளாட்டினம் கோப்பைக்காகவே குறுங்கதைகளைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். முத்தியால்பேட்டைத் தம்பியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

முத்தியால்பேட்டை: என் சார்பில் பேச வேண்டாம், ஐயா, எனக்கு எந்த நோயும் இல்லை. அந்தக் கதையை அண்ணனின் கணினியில் சென்ற ஆண்டே வரி விடாமல் படித்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரான்: அப்படியானால் நேற்று மாலை நீங்கள் முடித்தது எதை? சென்ற ஆண்டு படித்ததை நேற்றைய கணக்கில் எழுதிவிட்டு, ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் படிக்கும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். புதுவைக் கடற்கரையில் காந்தி சிலை அருகே நாம் கூடியபோதும் இதே பேச்சைத்தான் பேசினீர்கள்; நான் மறக்கவில்லை.

லாஸ்பேட்டை: எனக்கு வேறொரு ஐயம். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும் குறுங்கதைகளை எழுதுபவர்களை இந்த விதி கடுமையாகப் பாதிக்கிறது. நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா, நண்பரே?

முத்தியால்பேட்டை: என்னைத் திருடன் என்கிறீர்களா? நான்கும் இன்னும் என் கணக்கில்தான் இருக்கின்றன. வில்லியனூர் நண்பர் உங்களுக்கு இரவல் கொடுத்த கன்ட்ரோலரை நீங்கள் முதலில் திருப்பிக் கொடுங்கள்.

லாஸ்பேட்டை: அதைத் தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிட்டேன். கேள்விக்கும் கன்ட்ரோலருக்கும் என்ன தொடர்பு?

மஞ்சக்குப்பம்: அந்த நான்கில் இரண்டு, ஸ்டீம் இன்னும் முழுமையாக ஏற்காத 'வரம்புக்குட்பட்ட' விளையாட்டுகள். அவற்றின் அச்சீவ்மென்ட்கள் கணக்கின் மொத்த எண்ணிக்கையில் சேர்வதே இல்லை.

முத்தியால்பேட்டை: சேராவிட்டாலும் நூறு விழுக்காடு நூறு விழுக்காடுதான்.

திருப்பாதிரிப்புலியூரான்: எண்ணிக்கை, பணம், கன்ட்ரோலர் எதுவும் எனக்கு வேண்டாம். ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய உரையாடல் கண்முன் ஓடி மறைந்திருக்கிறது. அதற்குப் பரிசாக ஒரு சின்னப் படம் கிடைத்திருக்கிறது. 6:30-க்கும் 6:41-க்கும் இடையில் நீங்கள் படித்த ஒரே ஒரு வரியைச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை: உங்களுக்குத் தேர்வு எழுதிக் காட்ட நான் வரவில்லை. இன்றிரவு ஐந்தாவது கதையைத் தொடங்குகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரான்: நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.