கலிங்கத்துக்காரனிடம் மட்டும் சொல்லாத வருத்தம்

எழுத்தாணி:
போன மாசம் தவுளி போயிட்டு வந்தேன். புவனேசுவரத்துக்குப் பக்கம்தான், அந்தக் காலத்துக் கலிங்கம். வர்றவங்க எல்லாம் மேலே இருக்கிற வெள்ளை சாந்தி ஸ்தூபிக்கு ஏறிடறாங்க. கீழே பாறையில ஒரு யானை, முன்பாதி மட்டும். நெற்றி, தும்பிக்கை, முன்னங்கால் வரைக்கும்தான் கல்லை விட்டு வெளியே வந்திருக்கு, மிச்ச உடம்பு இன்னும் பாறைக்குள்ளயே இருக்கிற மாதிரி. அதுக்குக் கீழேதான் அசோகனோட கட்டளைகள். யானையைப் படம் எடுக்கிறாங்க, எழுத்தை யாரும் பார்க்கிறதில்லை.

என் சண்டை இதுதான். பெரும்பாறைக் கட்டளை மொத்தம் 14. தவுளியில 1லேர்ந்து 10 வரைக்கும் இருக்கு, அப்புறம் நேரே 14. நடுவுல 11, 12, 13 இல்லை. அந்த 13லதான் "கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டனர், அதைப்போலப் பல மடங்கு மாண்டனர், அதற்காக வருந்துகிறேன்"னு வருது. பாகிஸ்தான்ல இருக்கிற ஷாபாஸ்கர்ஹியில அது இருக்கு, குஜராத் கிர்னார்ல இருக்கு, நம்ம பக்கத்து ஆந்திரா எர்ரகுடியில இருக்கு. அடிபட்ட கலிங்கத்துல இல்லை. கலிங்கத்தோட இன்னொரு பாறை ஜௌகடா, அங்கேயும் இல்லை.

அடிச்சவன் அடிபட்டவன் வீட்டைத் தாண்டிப் போய் ஊரெல்லாம் "தப்பு பண்ணிட்டேன்"னு சொன்னா அதுக்குப் பேர் வருத்தமா? எனக்கு அது விளம்பரமாத்தான் தெரியுது. சொல்லுங்க.

பாறைக்கிறுக்கன்:
அண்ணே, 13ன்னு நம்பர் போட்டது நாம, அசோகன் இல்லை. அது கிடக்கட்டும். அந்த இடத்துல அவர் வேற என்ன வெட்டி வச்சார்னு சொல்லாம விட்டுட்டீங்களே! தவுளியிலயும் ஜௌகடாவிலயும் ரெண்டு தனிக் கட்டளை இருக்கு. தவுளியில இருக்கிறது தோசலி நகர மகாமாத்திரர்களுக்கு, அதாவது அங்கே இருந்த உயரதிகாரிகளுக்கு. "எல்லா மனிதரும் என் பிள்ளைகள்"ங்கிற வரி அதுலதான் வருது.

அடுத்து அதிகாரிங்க காதைப் பிடிச்சுத் திருகறார். காரணமே இல்லாம ஆளுங்களை உள்ள போடறீங்க, வதைக்கிறீங்க. பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு இதெல்லாம் இருக்கிறவனால நியாயம் பார்க்க முடியாதுன்னு பட்டியலே போடறார். பூச நட்சத்திர நாள்ல இதை வாசிச்சுக் காட்டணும், ஒரே ஒருத்தன் இருந்தாலும் வாசிக்கணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரியை அனுப்பிச் சோதிப்பேன்கிறார். எழவு வீட்டுல போய் "இத்தனை பேரைக் கொன்னேன்"னு கணக்கு வாசிக்கிறதா மரியாதை? உன்னை அடிக்கிற அதிகாரியைக் கட்டிப்போடறேன்னு சொல்றதுதானே அந்த ஊருக்கு வேணும்?

நெருப்புக்கோழி:
ஒரு நிமிஷம் கிறுக்கரே. அதிகாரி வதைக்கிறான்னு ராஜாவே எழுதறார்னா, ஜெயிச்சு வருஷங்கள் ஆகியும் அங்கே வதை நடந்துக்கிட்டிருந்ததுன்னுதானே அர்த்தம்? உங்க சாட்சி எழுத்தாணி பக்கம்தான் பேசுது.

வாத்தியார்:
நண்பர்களே, தவுளிப் பாறையை விட்டு ஓரடி தள்ளி நின்று பார்ப்போம். போர்க்களத்தைப் பார்த்தார், அழுதார், அன்று மாலையே பௌத்தரானார் என்று நாம் படித்த கதை கல்லில் இல்லை.

போர் நடந்தது முடிசூடி 8 ஆண்டு ஆனபோது, ஏறத்தாழ கி.மு. 261. போதிமரம் இருக்கும் சம்போதிக்குப் போனது 10 ஆண்டு ஆனபோது. சிறுபாறைக் கட்டளையில் அவரே சொல்கிறார்: நான் உபாசகனாகி (இல்லறத்துப் பௌத்தனாகி) இரண்டரை ஆண்டுக்கு மேலாகிறது, அதில் ஓராண்டு பெரிதாக முயற்சி எடுக்கவில்லை, சங்கத்தை அணுகியபின் ஓராண்டுக்கு மேலாக முனைப்பாக இருக்கிறேன். அதாவது கொஞ்சம் கொஞ்சமாக வந்தவர். கலிங்கம் என்ற சொல்லே அந்தக் கட்டளையில் இல்லை.

இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சத்திலும் கலிங்கப் போர் கிடையாது. அங்கே அவரை மாற்றுவது நிக்ரோதன் என்ற சின்னஞ்சிறு சாமணேரன் (இளந்துறவி). அசோகன் கொன்ற அண்ணனின் மகன் அவன். கதையாக எனக்கு அதுவே பிடிக்கும் (நம்புவது வேறு விஷயம்).

இன்னொன்று. 1915இல் தங்கச் சுரங்க எஞ்சினியர் ஒருவர் கர்நாடகத்தின் மஸ்கியில் கண்டது இதே சிறுபாறைக் கட்டளையின் ஒரு படியைத்தான். அவருடைய கட்டளைகளில் "அசோகன்" என்ற பெயர் முதலில் கிடைத்தது அதில்தான். அதுவரை அவற்றில் கிடைத்ததெல்லாம் தேவானாம்பிரியன், பிரியதர்சி என்ற பட்டப் பெயர்கள் மட்டுமே.

நெருப்புக்கோழி:
வாத்தியாரே, அப்போ அந்த "முயற்சி எடுக்காத" ஒரு வருஷத்துலதான் கலிங்கத்துக்குப் படை கிளம்புச்சோ? உபாசகனா இருந்துக்கிட்டே ஒரு லட்சம் பேரை?

வாத்தியார்:
அந்தக் கட்டளையில் ஆட்சியாண்டு குறிக்கப்படவில்லை. அதனால் அந்த ஓராண்டைப் போருக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். வசதியான இடத்தில் வைத்துவிட்டு மன்னரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அரட்டை அம்மு:
99 சகோதரர்களைக் கொன்றார்ன்னு மகாவம்சத்துல வருதே, அதையும் யாராவது சொல்லுங்க.

பாறைக்கிறுக்கன்:
அம்மு, 5ஆம் கட்டளையில தம்ம மகாமாத்திரர்கள், அதாவது அறத்தைப் பரப்பற அதிகாரிங்க, "என் சகோதரர்கள், சகோதரிகள், மற்ற உறவினர் வீடுகளில்" வேலை பார்க்கிறாங்கன்னு வருது. முடிசூடி 13 வருஷம் ஆன பிறகு எழுதினது. மொத்தப் பேரையும் வெட்டியிருந்தா யார் வீட்டுக்கு அதிகாரி போனான்? சண்டாசோகன் (கொடிய அசோகன்) எவ்வளவு கறுப்பா இருந்தானோ அவ்வளவுக்குத் தர்மாசோகன் வெளுப்பாத் தெரிவான்னு பின்னாடி வந்தவங்க பூசின மை அது. வாரிசுச் சண்டையே நடக்கலைன்னு சொல்ல வரலை.

நெருப்புக்கோழி:
சரி, கதையை விடுங்க. கல்லையே பார்ப்போம். நீங்க எல்லாரும் உருகுற அதே 13ஆம் கட்டளையில காட்டுல இருக்கிறவங்களைப் பத்தியும் ஒரு பேச்சு வருது. அவங்களோடயும் சமாதானமாப் போகத்தான் பார்க்கிறாராம், ஆனா வருத்தப்படற இந்த நிலையிலயும் தேவானாம்பிரியனுக்கு வலிமை இருக்குன்னு அவங்களுக்குச் சொல்லணுமாம். எதுக்கு? வெட்கப்பட்டுத் திருந்தட்டும், கொல்லப்படாம இருக்கட்டும்னு. நான் அழுதுட்டு இருக்கேன், ஆனா கத்தி இடுப்புலதான் இருக்கு. இதுதானே அர்த்தம்?

தூண் கட்டளைக்கு வாங்க. மரண தண்டனையை எடுத்தாரா? இல்லை. சாகப் போறவனுக்கு மூணு நாள் தவணை கொடுத்தார். கிளி, மைனாவையெல்லாம் கொல்லக்கூடாதுன்னு பட்டியல் போட்டவர் மனுஷனுக்குக் கொடுத்தது மூணு நாள்!

பாறைக்கிறுக்கன்:
அந்த மூணு நாள் எதுக்குன்னு சேர்த்துச் சொல்லணும்ல? உறவுக்காரங்க வந்து முறையிட்டு உயிரைக் காப்பாத்தப் பார்க்கலாம், முடியாதவன் தானம், நோன்புன்னு மறுமைக்குத் தயாராகலாம். இன்னிக்குக் கருணை மனுன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதுதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டுல இது சின்ன விஷயம் இல்லை.

அவரோட அடுக்களைக் கணக்கையும் பாருங்க. முன்னே கறிக்காக தினமும் லட்சக்கணக்குல உயிரைக் கொன்னாங்க, இப்போ ரெண்டு மயில், ஒரு மான், மானும் எப்பவும் இல்லை, இனி இந்த மூணும் கொல்லப்படாதுன்னு எழுதறார். விளம்பரம் பண்றவனா இருந்தா "எல்லாத்தையும் விட்டுட்டேன்"னு ஒரே போடாப் போட்டிருப்பான். இன்னும் மயில் வேகுதுன்னு கல்லுல வெட்டுவானா?

அரட்டை அம்மு:
அந்த மயில் எனக்குப் பிடிச்சிருக்கு. அதாவது, அந்த வரி. 😀

கொல்லிமலை:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நம்மைப் பத்தியும் இருக்கே! 2ஆம் கட்டளையில சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி (இலங்கை)ன்னு எல்லைக்கு வெளியே உள்ளவங்க பட்டியல். அங்கேயும் மனுஷனுக்கும் மாட்டுக்கும் வைத்திய ஏற்பாடு, மூலிகை இல்லாத இடத்துல கொண்டுவந்து நட்டேன்கிறார். அந்தச் சத்தியபுத்திரர் யாருன்னு ரொம்ப நாள் அடிச்சுக்கிட்டாங்க. 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி"ன்னு தமிழி எழுத்துல கல்வெட்டு கிடைச்ச பிறகு அதியமான் மரபுன்னு தெளிவாச்சு. அவங்களையெல்லாம் அவர் படையெடுத்து வரலையே. கலிங்கத்துக்கு அப்புறம் அவர் நிறுத்திட்டார்ங்கிறதுக்கு நாமதான் சாட்சி.

நெருப்புக்கோழி:
படையெடுக்கலை, ஆனா 13ல சோழ பாண்டியரையும் "தம்மத்தால் வென்றேன்" கணக்குல சேர்த்துட்டார் மலையாரே. கிரேக்க ராஜா ஆன்டியோகஸையும் அவனுக்கு அப்பால இருக்கிற நாலு பேரையும்கூட. தோத்துட்டோம்னு அந்த அஞ்சு பேருக்கும் தெரியுமா?

எழுத்தாணி:
ரெண்டு நாளா வேலை, இப்பத்தான் படிச்சேன். கிறுக்கர் சொன்னதுக்காக 14ஆம் கட்டளையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் எல்லா இடத்திலும் எழுதப்படவில்லை, சில இடத்தில் முழுமை இல்லாமல் இருக்கலாம், அது இடத்தைக் கருதியோ, வேறு காரணத்தாலோ, எழுதியவன் பிழையாலோ இருக்கலாம்னு அதுல வருது. தவுளியில 10க்கு அடுத்து நிக்கிறது இதே 14தான். விட்ட இடத்துக்குப் பக்கத்துலயே "விட்டிருக்கலாம்"னு ஒரு குறிப்பு! மறைக்கணும்னு நினைச்சவன் அப்படி எழுத மாட்டான். விளம்பரம்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன்.

ஆனா ஒரு கேள்வி தொண்டையில நிக்குது. பிடிச்சுக்கிட்டுப் போன ஒன்றரை லட்சம் பேர். அவங்களைத் திருப்பி அனுப்பினேன்னு எந்தக் கல்லுலயும் இல்லை. கலிங்கத்தை அதோட ராஜாகிட்ட திருப்பிக் கொடுத்தேன்னும் இல்லை. அழுதது உண்மையா இருக்கலாம், எடுத்தது கையிலேயே இருக்கே?

வாத்தியார்:
நல்ல கேள்வி. வேற்று நாட்டு மக்களைக் கொண்டுவந்து புது ஊர்கள் அமைக்கும் யோசனை அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. நூலின் காலம் பற்றிச் சண்டை உண்டு. காடு திருத்தவும் நிலம் உழவும் அவர்களைக் கொண்டுபோயிருக்கலாம் என்பது ஊகம்தான். அவர் காலத்து அரசனுக்கு ஆள்தான் செல்வம்.

பாறைக்கிறுக்கன்:
எழுத்தாணி அண்ணே, தவுளி வரைக்கும் போனவர் உதயகிரிக்கும் போயிருப்பீங்க. அங்கே ஹாதிகும்பாவுல கலிங்கத்தோட சொந்த ராஜா காரவேலன் கல்வெட்டு இருக்கு, அசோகனுக்கு அப்புறம் வந்தவன். நந்த ராஜா பேரைச் சொல்றான், அவன் கொண்டுபோன ஜினர் (சமண தீர்த்தங்கரர்) சிலையைப் பத்திச் சொல்றான். அசோகன் பேர் எங்கேயும் இல்லை. அவ்வளவு ஆறாத புண்ணுன்னா எழுதியிருப்பான்ல?

நெருப்புக்கோழி:
வாய்விட்டுச் சொல்ல முடியாத புண்ணும் இருக்கு கிறுக்கரே.

கொல்லிமலை:
அதே ஹாதிகும்பாவுலதான் தமிர சங்காதம், தமிழர் கூட்டணி...

எழுத்தாணி:
மலையாரே, அதுக்குத் தனி இழை போடுங்க, நானே வர்றேன். இங்கே தலைப்பை மாத்தச் சொல்லி ரெண்டு பேர் தனிமடல் போட்டிருக்காங்க. அந்த ஒன்றரை லட்சத்துல ஒருத்தனாவது ஊர் திரும்பினான்னு ஒரு கல்லைக் காட்டுங்க, அன்னிக்கு மாத்தறேன்.