ஸ்லவ் ஹார்லிக்ஸ் தொழிற்சாலை: பக்கிங்ஹாம்ஷயரா, பார்க்ஷயரா?

தேம்ஸ்கரை (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்தின் ஸ்லவ் ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த ஹார்லிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் நினைவுகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

பழைய லேபிள்களிலும் கடிதத் தாள்களிலும் 'ஸ்லவ், பக்ஸ்' (பக்கிங்ஹாம்ஷயர்) என்று இருக்கிறது. பின்னால் வந்த காகிதங்களில் 'ஸ்லவ், பார்க்ஸ்' (பார்க்ஷயர்). இதைப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையே ஒரு கவுண்டியிலிருந்து (இங்கிலாந்தின் பெரிய நிர்வாகப் பகுதி) இன்னொன்றுக்கு இடம் மாறியது என்று சிலர் சொல்கிறார்கள். தொகுப்பில் எதைப் போடுவது? தேதி இல்லாத லேபிளுக்கு ஆண்டு கணிக்க வழி உண்டா? பதிவேடுகளைத் தேட பக்கிங்ஹாம்ஷயரின் அய்ல்ஸ்பரி போக வேண்டுமா, பார்க்ஷயரின் ரெடிங் போக வேண்டுமா?

இன்னொன்று. "தானியத்தை ஊறல் போடுவோம், கடைசியில் கேக் வரும், அதை உடைத்து அரைப்போம்" என்று பலர் சொல்கிறார்கள். பால் பவுடர் ஆலையில் கேக் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. நினைவு பிசகா?

---

எல்லைக்கல்

தொழிற்சாலை ஓர் அங்குலம் கூட நகரவில்லை. கோடுதான் நகர்ந்தது.

ஸ்டோக் போஜஸ் லேன் ஓரமாக, ரயில் பாதைக்கு வடக்கே உள்ள அந்த இடத்தை 1906-ல் தேர்ந்தெடுத்தார்கள். 1908-ல் கட்டடம் முடிந்தது. அப்போது ஸ்லவ் முழுக்க முழுக்க பக்கிங்ஹாம்ஷயர். தேம்ஸ் நதிதான் இரண்டு கவுண்டிக்கும் எல்லை: வடகரை பக்ஸ், தென்கரை பார்க்ஸ். அதனால்தான் தேம்ஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஈட்டன் பக்ஸிலும், அந்தப் பக்கம் விண்ட்சர் பார்க்ஸிலும் இருந்தன.

1972-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு ஸ்லவ், ஈட்டன், டாச்செட், ஹார்ட்டன், ரேஸ்பரி எல்லாம் பார்க்ஷயருக்குப் போயின. முதலில் சொன்ன ஸ்லவ் தனி மாவட்டம் ஆனது, மற்ற நான்கும் விண்ட்சர்-மெய்டன்ஹெட்டில் சேர்ந்தன. அதே நாளில் பார்க்ஷயர் தன் வடமேற்குப் பகுதியில் ஆபிங்டன், வான்டேஜ், வாலிங்ஃபோர்ட், டிட்காட் ஆகியவற்றை ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிடம் இழந்தது. ஸ்லவ்காரர்கள் புலம்புவதுதான் எல்லோர் காதிலும் விழுகிறது, ஆபிங்டன்காரர்களின் புலம்பலும் அதே வயதுதான்.

1998 ஏப்ரல் 1-ல் அடுத்த குழப்பம். பார்க்ஷயர் கவுண்டி கவுன்சில் கலைக்கப்பட்டு, ஸ்லவ் தனித்து இயங்கும் ஒற்றை அடுக்கு நிர்வாகம் ஆனது. கவுன்சில்தான் போனது, பார்க்ஷயர் என்ற கவுண்டி போகவில்லை. "98-க்குப் பிறகு ஸ்லவ் எந்தக் கவுண்டியிலும் இல்லை" என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

தொகுப்பில் சம்பவம் நடந்த தேதியில் இருந்த கவுண்டியைப் போடுங்கள். 1955 நினைவு என்றால் 'ஸ்லவ், பக்கிங்ஹாம்ஷயர் (1974 முதல் பார்க்ஷயர்)'. 1980 நினைவு என்றால் வெறும் 'ஸ்லவ், பார்க்ஷயர்' போதும். ஆனால் பேசுபவர் 1980-ஐப் பற்றிச் சொல்லும்போதும் 'பக்ஸ்' என்றால் அவர் பேச்சைத் திருத்த வேண்டாம். பேச்சு அப்படியே இருக்கட்டும், உங்கள் தலைப்பு வரியில் மட்டும் சரியானதைப் போடுங்கள். 1974-ல் மாறியது நிர்வாக எல்லைதான், பாரம்பரியக் கவுண்டி அப்படியே இருக்கிறது என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நீங்கள் போகத் தேவையில்லை.

---

மால்ட்மணி

கேக் விஷயம் நினைவு பிசகு இல்லை. சரியாகத்தான் சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் அவர்களிடம் கேள்வி கேட்பதும் சுலபம்.

ஹார்லிக்ஸ் வெறும் பால் பவுடர் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியும் கோதுமை மாவும் வெந்நீரில் கலந்து ஊறும். அதுதான் அவர்கள் சொல்லும் ஊறல், ஆலையில் 'மேஷ்'. முளைத்த பார்லியில் உள்ள என்சைம்கள் மாவுச்சத்தை மால்டோஸாகவும் டெக்ஸ்ட்ரினாகவும் உடைக்கின்றன. தித்திப்பில் பெரும்பங்கு இங்கேதான் உருவாகிறது.

இதில் வெப்பநிலைதான் எல்லாம். பொதுவாக மேஷை 45-50 டிகிரி செல்சியஸில் தொடங்கி, படிப்படியாக 65-70 வரை ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக 80-க்குத் தூக்கினால் என்சைம் செத்துவிடும். மாவுச்சத்து உடையாமல் நிற்கும், கடைசியில் கோப்பையில் கரைத்தால் கஞ்சிப் பசை மாதிரி இழுக்கும். மாறாக 40-ஐ ஒட்டியே நெடுநேரம் வைத்திருந்தால் பாக்டீரியா பெருகிப் புளித்துவிடும். வேலை முடிந்ததா என்று பார்க்க அயோடின் சோதனை: வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு மேஷ், அதன் மேல் ஒரு சொட்டு அயோடின். நீலம் வந்தால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் பொறு. அயோடினின் பழுப்பு நிறமே நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். "வெள்ளைத் தட்டில் மருந்து விட்டுப் பார்ப்பார்கள்" என்று யாராவது சொன்னால் அது இதுதான்.

பிறகு உமி, சக்கையை வடித்து, சாறோடு பால் சேர்ப்பார்கள். வெற்றிடக் கலத்தில் நீரை வற்ற வைப்பார்கள். காற்றழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நீர் 60 டிகிரியிலேயே கொதிக்கும், பால் கருகாது. வெற்றிடம் எங்காவது கசிந்தால் கொதிநிலை ஏறும். உடனே பாலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி, கலத்தின் சுவரில் அடிப்பிடிக்கும். அந்தத் தொகுதி நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கேக் வருவது இதற்கு அப்புறம். கெட்டிப்பட்ட பாகை வெற்றிடத்தில் இன்னும் உலர்த்தும்போது உள்ளே இருக்கும் நீராவி அதை நுரைபோல உப்ப வைக்கும். அப்படியே இறுகினால் தேனடைபோல் துளை துளையாக, மொறுமொறுவென்று ஒரு பாளம் கிடைக்கும். அதை உடைத்து அரைத்தால்தான் நமக்குத் தெரிந்த அந்தக் கரகரப்பான தூள். தெளித்து உலர்த்தும் பால் பவுடர் மாவுபோல மெல்லியதாக இருப்பதற்கும், இது மணி மணியாக இருப்பதற்கும் காரணம் இந்தப் பாளம்தான்.

அரைத்த பிறகு எதிரி ஈரம். இந்தத் தூளின் சர்க்கரைகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் 3-4 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். அதனால் அரைக்கும் அறை, பாட்டிலில் அடைக்கும் அறை இரண்டிலும் காற்றை உலர்வாக வைக்க வேண்டும், கதவைத் திறந்து போடக் கூடாது. அங்கே வேலை பார்த்தவர்களிடம் "உதடும் கையும் வறண்டு போகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஹார்லிக்ஸில் என்ன வேலை?" என்று பொதுவாகக் கேட்பதைவிட நிறையக் கிடைக்கும்.

வாசனையைப் பற்றியும் பிரித்துக் கேளுங்கள். வெந்த தானிய வாசனை என்றால் மேஷ் பக்கம். காய்ச்சிய பாலும் வறுத்த மணமும் கலந்திருந்தால் உலர்த்தும் பக்கம். 'ஊரே மணக்கும்' என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

---

தேம்ஸ்கரை

மால்ட்மணி ஐயா, மிக்க நன்றி. அயோடின் தட்டை ஒருவர் 'மை வைத்துப் பார்க்கும் தட்டு' என்று சொன்னது இப்போதுதான் புரிகிறது.

இரண்டு சந்தேகம். சிலர் ஹார்லிக்ஸ் ஸ்லவ் டிரேடிங் எஸ்டேட் என்ற தொழிற்பேட்டையில் இருந்தது என்கிறார்கள். பாயில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், தன் வீடு மிடில்செக்ஸில் இருந்தது என்று அடித்துச் சொல்கிறார். அது ஸ்லவ் நகராட்சிக்குள்தானே இருக்கிறது?

---

ஏட்டுக்கட்டு

டிரேடிங் எஸ்டேட் என்பது குழப்பம். அந்த எஸ்டேட் ஊருக்கு மேற்கே, முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920 வாக்கில் உருவானது. ஹார்லிக்ஸ் அதற்கு முன்பே நிலையத்தருகே வந்துவிட்டது. எஸ்டேட்டில் இருந்த பெரிய உணவு ஆலை 1932-ல் வந்த மார்ஸ் சாக்லேட். ஒரே ஆள் இரண்டிலும் வேலை பார்த்திருந்தால் நினைவுகள் கலந்துவிடும். மணிக்கூண்டும் செங்கல் கட்டடமும் ரயிலிலிருந்து தெரியும் பெயர்ப் பலகையும் பேச்சில் வந்தால் ஹார்லிக்ஸ்.

லேபிளுக்கு ஆண்டு கணிக்க, கவுண்டிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அச்சடித்து வைத்த பழைய லேபிள்களைத் தீரும்வரை ஒட்டியிருக்கலாம், ஆகவே 'பக்ஸ்' என்றாலே 1974-க்கு முன் என்று முடிவு கட்ட முடியாது. 'பார்க்ஸ்' இருந்தால் மட்டும் 1974-க்குப் பிறகு என்று தைரியமாகச் சொல்லலாம். கூடவே இவற்றையும் பாருங்கள்:

- உரிமையாளர் பெயர். 1969-ல் பீச்சம் குழுமம் ஹார்லிக்ஸை வாங்கியது. 1989 முதல் ஸ்மித்கிளைன் பீச்சம். 2000 முதல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன்.
- தொலைபேசி எண். ஸ்லவ் குறியீடு 0753 என்றால் 1995 ஏப்ரல் 16-க்கு முன், 01753 என்றால் பெரும்பாலும் பின்.
- விலை ஷில்லிங், பழைய பென்னியில் என்றால் 1971 பிப்ரவரி 15-க்கு முன்.
- பார்கோடு இருந்தால் 1970-களின் கடைசி அல்லது அதற்குப் பின்.

இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஆண்டு எழுதுங்கள்.

பதிவேடுகளுக்கு இரண்டு ஊரும் தேவைப்படும். கவுண்டி மாறினாலும் தேவாலய நிர்வாகம் மாறவில்லை: ஸ்லவ் இன்றும் ஆக்ஸ்ஃபோர்ட் மறைமாவட்டத்தின் பக்கிங்ஹாம் பிரிவில்தான் வருகிறது. அதனால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளுக்கு முதலில் அய்ல்ஸ்பரியில் உள்ள பக்கிங்ஹாம்ஷயர் ஆவணக் காப்பகம். 1974-க்குப் பிந்தைய கவுண்டி நிர்வாகக் காகிதங்களுக்கு ரெடிங்கில் உள்ள ராயல் பார்க்ஷயர் ஆவணக் காப்பகம் (2023 வரை பார்க்ஷயர் ரெக்கார்ட் ஆஃபீஸ் என்று பெயர்). புறப்படுவதற்கு முன் இரண்டின் ஆன்லைன் பட்டியலிலும் தேடிவிடுங்கள், ஸ்லவ் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவிலும் விசாரியுங்கள்.

அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவில் 1974-க்கு முன் 'ஸ்லவ்' என்று தேடினால் ஏமாற்றம்தான். பதிவு மாவட்டத்தின் பெயர் ஈட்டன். 1852 முதல் 1946 வரையிலான அட்டவணையில் ஈட்டன் 3ஏ தொகுதி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் விண்ட்சர் 2சி. தொகுதி எண்ணைப் பார்த்தாலே எந்தக் கரை என்று தெரிந்துவிடும்.

இந்தத் தலைப்புக்கு மிகவும் பயன்படக்கூடியது 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் முதலாளியின் பெயரும் வேலை செய்யும் இடமும் கேட்டார்கள். முதலாளி கட்டத்தில் 'ஹார்லிக்' என்று தேடுங்கள், கடைசி எஸ் இல்லாமல். பெயரைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள், படியெடுத்தவர்களும் தங்கள் பங்குக்கு மாற்றியிருப்பார்கள். வசிப்பிடத்தை ஸ்லவ் என்று குறுக்க வேண்டாம், சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

---

எல்லைக்கல்

பாயில்காரர் சொல்வது சரி. நீங்கள் சொல்வதும் சரி. பாயில் முன்பு மிடில்செக்ஸில் ஸ்டான்வெல்லோடு சேர்ந்தது. 1965-ல் மிடில்செக்ஸ் கவுன்சில் கலைக்கப்பட்டபோது பெரும்பகுதி கிரேட்டர் லண்டனுக்குப் போக, இந்தப் பக்கம் சர்ரேக்குப் போனது. 1995 ஏப்ரல் 1-ல் பக்கத்துக் கோல்ன்புரூக்கோடு சேர்ந்து பார்க்ஷயரின் ஸ்லவுக்குள் வந்தது. ஒரே வீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று கவுண்டி பார்த்திருக்கிறார். கோல்ன்புரூக்கில் பிறந்தவர் கிடைத்தால் எந்தத் தெரு என்று கட்டாயம் கேளுங்கள். அந்த ஊர் பல பேரிஷ்களில் (தேவாலயப் பங்குகளில்) சிதறிக் கிடந்தது, தெரு தெரியாமல் கவுண்டி சொல்ல முடியாது.

வரைபடம் சேர்ப்பதாக இருந்தால் ஒரே படத்தில் எல்லாக் கோட்டையும் போடாதீர்கள், வாசிப்பவர் தொலைந்துபோவார். 1974-க்கு முன், 1974-க்குப் பின், 1995-க்குப் பின் என்று ஒரே அளவில் மூன்று படம். மூன்றிலும் தேம்ஸும் ரயில் பாதையும் தொழிற்சாலைப் புள்ளியும் அதே இடத்தில் நிற்கட்டும்.

மூடிய கதையை எழுதும்போதும் கவனம். ஸ்லவ் ஆலையை மூடப்போவதாக 2017-ல் அறிவித்தார்கள். பிரிட்டன் ஹார்லிக்ஸ் அய்மியா ஃபுட்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்கள் ஆலை இருப்பது ஹேடாக்கில். 2018 டிசம்பரில் யூனிலீவர் வாங்குவதாக அறிவித்தது இந்தியா முதலான நாடுகளின் ஹார்லிக்ஸ் வியாபாரம், அதை இதோடு சேர்த்துவிடாதீர்கள். ஹேடாக்குக்கு எந்தக் கவுண்டி போடுவது என்று அடுத்த கேள்வி வரும்: 1974 வரை லங்காஷயர், அதன்பின் மெர்சிசைட்.